ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே என்ன இருக்கு? பழைய கட்டடங்களின் காற்றுப் பாதையில் கல்நார்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் தொகுக்கப்பட்டது.)



ஒரு பழைய பெரிய கட்டடத்துல உட்கார்ந்து வேலை பார்க்குறீங்கன்னு வைங்க. தலைக்கு மேல ஃபால்ஸ் சீலிங். அதுல அங்கங்க கிரில். ஒண்ணு வழியா குளிர்ந்த காற்று கீழே வருது. இன்னொண்ணு வழியா அறையில இருக்கிற காற்று மேலே திரும்பிப் போகுது. அப்படி மேலே போற காற்று எந்த வழியா போகுது? எதையெல்லாம் தொட்டுட்டுத் திரும்ப நம்மகிட்ட வருது?

இந்த எபிசோட் அதைப் பத்தித்தான். இதுல முக்கியமா வரப்போற பேர் ஆஸ்பெஸ்டாஸ்.

ஆஸ்பெஸ்டாஸ்னாலே நமக்கு ஞாபகம் வர்றது கூரை ஷீட். சாம்பல் நிறத்துல, அலை அலையா இருக்குமே, அது. "சிமென்ட் ஷீட்"னு சொல்றதும் பெரும்பாலும் அதைத்தான். ஆனா 20-ம் நூற்றாண்டுல கட்டின பெரிய கட்டடங்கள்ல இந்தப் பொருள் கூரையோட நிக்கல. டக்ட், ஃபேன், பாய்லர் குழாய், தீத்தடுப்புக் கதவுன்னு கட்டடத்தோட மூச்சுக்குழாய்க்குள்ளேயே போயிருக்கு. நாம நின்னு நிதானமா பார்க்கப்போறது அந்த இடத்தை.

கல்லுதான், ஆனா நார்

தமிழ்ல இதுக்குக் கல்நார்னு பேர். ரொம்பப் பொருத்தமான பேர். பூமியிலிருந்து தோண்டி எடுக்கிற கனிமம்தான் இது. ஆனா பஞ்சு மாதிரி பிரிக்கலாம், நூலா திரிக்கலாம், துணியா நெய்யலாம். தீ பிடிக்காது. வெப்பத்தைச் சுலபமா கடத்தாது. அதிகமா அரிக்காது. விலையும் குறைவு. ஒரு கட்டட இன்ஜினியருக்கு இதைவிட என்ன வேணும்? வெள்ளை, பழுப்பு, நீலம்னு மூணு வகையை உலகம் முழுக்கப் பயன்படுத்தினாங்க.

எந்தக் குணத்துக்காக விரும்பினாங்களோ, அந்தக் குணம்தான் பிரச்சினை. கல்நார் உடைஞ்சா மண் மாதிரி பொடியாகாது. நீளவாக்குல பிளந்து, இன்னும் மெல்லிசான நாரா பிரிஞ்சுக்கிட்டே போகும். நம்ம தலைமுடியோட தடிமன் சராசரியா 70 முதல் 100 மைக்ரோமீட்டர். நுரையீரலோட அடி ஆழம் வரைக்கும் போகக்கூடிய நாரோட தடிமன் 3 மைக்ரோமீட்டரைவிடக் குறைவு. கண்ணுக்குத் தெரியாது. வாசனை கிடையாது. மூச்சுல போகும்போது இருமலோ தும்மலோ வரணும்னு இல்ல. ஒரு தடவை காற்றுல கலந்துட்டா, மணிக்கணக்கா மிதக்கும்.

உள்ளே போனதுக்கு அப்புறம் என்ன ஆகும்? நுரையீரல்ல தூசியை விழுங்கி அப்புறப்படுத்துற செல்கள் இருக்கு. அதுங்களால நீளமான நாரை முழுசா விழுங்க முடியாது. கரைக்கவும் முடியாது. அந்த இடத்துல அழற்சி வருது, ஆறுது, திரும்ப வருது. பல வருஷம் இப்படியே போனா நுரையீரல் தழும்பேறி இறுகிடும். அதுதான் ஆஸ்பெஸ்டோசிஸ். நுரையீரல் புற்றுநோய் வரலாம். நுரையீரலைச் சுத்தி இருக்கிற மெல்லிய உறையில மீசோதீலியோமாங்கிற புற்றுநோய் வரலாம். 1960-ல தென்னாப்பிரிக்காவில இருந்து வந்த ஒரு ஆய்வுக் கட்டுரைதான், நீலக் கல்நாருக்கும் இந்த மீசோதீலியோமாவுக்கும் உள்ள தொடர்பை மருத்துவ உலகத்துக்குத் தெளிவா காட்டுச்சு. இன்னிக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்றது: கல்நார்ல எல்லா வகையும் புற்றுநோயை உண்டாக்கும். வேலையிடத்துல இதை சுவாசிச்சதால உலகம் முழுக்க வருஷத்துக்கு 2 லட்சம் பேருக்கு மேல இறக்குறாங்க.

நோய் உடனே வராது. பொதுவா 20 முதல் 50 வருஷம் கழிச்சு வரும். 24 வயசுல ஒருத்தர் சுவாசிச்ச தூசு, அவர் ரிட்டயர் ஆகுற வயசுல நோயா வந்து நிக்கலாம். அப்போ அந்தக் கட்டடமே இருக்காது. கான்ட்ராக்டர் யாருன்னு ஞாபகம் இருக்காது. இதனாலதான் இந்த ஆபத்து நம்ம கவனத்துக்கு வராமலே போயிடுது.

காற்றுப் பாதையில எங்கெல்லாம் இருக்கும்?

பழைய சென்ட்ரல் ஏசி கட்டடம், பாய்லர் வெச்சு சூடாக்குற குளிர்நாட்டுக் கட்டடம், ரெண்டையும் மனசுல வெச்சுக்கோங்க.

முதல் இடம், எஃகு உத்திரம். தீ விபத்துல எஃகு இளகிடக் கூடாதுன்னு, கல்நாரையும் ஒட்டுற கலவையையும் சேர்த்து உத்திரங்கள் மேல பீய்ச்சி அடிச்சாங்க. காய்ஞ்சதும் அழுக்குப் பஞ்சு மாதிரி இருக்கும். விரலால அழுத்தினாலே உதிரும். அமெரிக்கா 1973-லேயே தீத்தடுப்புக்கும் இன்சுலேஷனுக்கும் இப்படித் தெளிக்கிறதைத் தடை பண்ணிடுச்சு. இங்கே ஒரு விஷயம் கவனிக்கணும். பல கட்டடங்கள்ல திரும்பிப் போற காற்றுக்குன்னு தனி டக்ட் கிடையாது. ஃபால்ஸ் சீலிங்குக்கும் மேல் தளத்துக்கும் நடுவுல இருக்கிற காலி இடத்தையே பாதையா விட்டுடுவாங்க. இன்ஜினியர்கள் இதை ப்ளீனம்னு சொல்வாங்க. அதாவது, அந்த உதிர்ற பஞ்சை உரசிக்கிட்டுதான் காற்றே போகுது.

ரெண்டாவது, குழாய் மேலயும் டக்ட் மேலயும் சுத்தியிருக்கிற உறை. வெப்பம் வெளியே போகாம இருக்கவும், குளிர்ச்சி வீணாகாம இருக்கவும் போட்டது. கிழிஞ்சாலும் தண்ணி பட்டாலும் இதுவும் உதிரும்.

மூணாவது, ஏஎச்யூ ரூம்ல இருக்கிற கேன்வாஸ். பெரிய ஃபேனோட அதிர்வு டக்டுக்குப் போகக் கூடாதுன்னு, ரெண்டுக்கும் நடுவுல ஒரு துணி இணைப்பு போடுவாங்க. பழைய அமைப்புகள்ல அந்தத் துணி கல்நார் நூலால நெய்ததா இருக்கலாம். அது அதிர்றதுக்குன்னே போட்டது. ஃபேன் ஓடுற ஒவ்வொரு நாளும் அதிர்ந்துக்கிட்டே இருந்திருக்கு.

நாலாவது, டக்ட் இணைப்புகள்ல வர்ற கேஸ்கெட், டேப், கயிறு, பசை. அஞ்சாவது, தீ பரவாம தடுக்கிற டேம்பர்களைச் சுத்தியும், மாடி மாடியா மேலே போற ஷாஃப்டுகளோட உள்பக்கத்துலயும் அடிச்ச பலகைகள். ஆறாவது, கல்நார் சிமென்ட்ல வார்த்த டக்டும் புகைக்குழாயும். சிமென்ட் நாரைப் பிடிச்சு வெச்சிருக்கிறதால, இந்த வரிசையில கடைசியாச் சொன்னதுதான் கொஞ்சம் பரவாயில்ல. ஆனா அறுத்தாலோ துளை போட்டாலோ அந்தப் பிடி விட்டுடும்.

உங்க வீட்டு ஸ்பிளிட் ஏசியை நினைச்சுப் பயப்படாதீங்க. அது அதே அறையோட காற்றை இழுத்துக் குளிர வெச்சுத் திருப்பி விடுது. அதுக்கு இந்த மாதிரி டக்ட் கிடையாது.

ஃபேன் ஓடினாலே ஆபத்தா?

இதைக் கேட்டதும் மேலே நிமிர்ந்து பார்த்துக் கொஞ்சம் மூச்சைப் பிடிச்சிருப்பீங்க. விட்டுடுங்க. நல்லா இருக்கிற, கிழியாத, யாரும் தொடாத கல்நார், காற்றுல நாரை அவ்வளவா விடாது. அமெரிக்காவில ஹெல்த் எஃபெக்ட்ஸ் இன்ஸ்டிட்யூட் 1991-ல வெளியிட்ட அறிக்கை பொது, வணிகக் கட்டடங்களை எடுத்துப் பார்த்துச்சு. நல்ல நிலையில பராமரிக்கிற கட்டடத்துல சும்மா உட்கார்ந்து வேலை பார்க்கிறவங்களுக்கு ஆபத்து குறைவு. துப்புரவு, பராமரிப்பு வேலை பார்க்கிறவங்களுக்குத்தான் அதிகம்னு அது சொல்லுச்சு.

அதனால கிரில்லுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறவரைவிட, அந்தக் கிரில்லைக் கழட்டுறவரைப் பத்தித்தான் நாம அதிகம் கவலைப்படணும். சீலிங் டைலைத் தூக்கி வயர் இழுக்கிற எலெக்ட்ரீஷியன், டக்டை அறுக்கிற ஏசி மெக்கானிக், இன்டர்நெட் கேபிள் போட வந்த பையன், அவங்க போனதும் தரையைப் பெருக்குற அக்கா. பிரிட்டன்ல மட்டும் கல்நாரால வர்ற நோய்கள்ல வருஷத்துக்குச் சுமார் 5,000 பேர் இறக்குறாங்க. அதுல பிளம்பர், கார்பென்டர், எலெக்ட்ரீஷியன் மாதிரி கட்டடங்களுக்குள்ள வேலை செஞ்சவங்க ரொம்பப் பேர்.

வேலை செஞ்சவரோட இது நிக்கிறதும் இல்ல. உடம்புலயும் துணியிலயும் ஒட்டின தூசு வீட்டுக்கு வருது. அந்தத் துணியைத் துவைச்ச மனைவிகளுக்கு மீசோதீலியோமா வந்தது மருத்துவ ஆவணங்கள்ல பதிவாகியிருக்கு.

காற்றோட்டம் இதுல என்ன பண்ணுது? நிலைமை கெட்டுப்போனா, அது தபால்காரர் வேலை பார்க்குது. மூணாவது மாடியில ஒருத்தர் உறையைக் கிழிச்சா, அந்தத் தூசு அந்த அறையோட நிக்கணும்னு இல்ல. ஏஎச்யூ ஓடிக்கிட்டிருந்தா அதே டக்டைப் பகிர்ந்துக்கிற மத்த அறைகளுக்கும் போய்ச் சேரலாம். மேலே ஒரு குழாய் ஒழுகித் தெளிப்பு ஊறி விழுந்தாலும் இதே கதைதான்.

ஒரு நாடாளுமன்றத்தின் மூச்சுக்குழாய்

இது எவ்வளவு சிக்கலா போகும்னு பார்க்க லண்டனுக்குப் போகலாம். வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனை. பிக் பென் கோபுரம் இருக்கிற பிரிட்டிஷ் நாடாளுமன்றக் கட்டடம்.

1834-ல பழைய அரண்மனை எரிஞ்சுபோச்சு. புதுசா வடிவமைச்சவர் சார்லஸ் பாரி. காற்றோட்டத்துக்குப் பொறுப்பா டேவிட் பாஸ்வெல் ரீட்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர் வந்தார். அவர் படிப்பு வேதியியலும் மருத்துவமும். தேம்ஸ் நதி சாக்கடையா நாறிக்கிட்டிருந்த காலம் அது. அதனால உயரத்துல இருந்து நல்ல காற்றை இழுத்து, அடித்தளத்துல பக்குவப்படுத்தி அறைகளுக்கு அனுப்பி, கெட்ட காற்றை நடுக்கோபுரம் வழியா வெளியேத்தணும்னு அவர் திட்டம் போட்டார். இன்னிக்கு நடுவுல நிக்கிற அந்தக் கோபுரமே ரீடோட காற்றோட்டத் திட்டத்துக்காகச் சேர்த்ததுதான். பாரிக்கும் ரீடுக்கும் ஒத்துப்போகல, ரீடை அனுப்பிட்டாங்க. அவர் திட்டம் முழுசா நிறைவேறல. ஆனா கட்டடம் முழுக்க மேலும் கீழுமா ஓடுற ஷாஃப்டுகள் மிஞ்சிச்சு. ஏறக்குறைய நூறு இருக்கும்.

20-ம் நூற்றாண்டுல அந்த ஷாஃப்டுகளைப் பார்த்தவங்களுக்கு ஒரு வசதியான யோசனை வந்தது. காலியாத்தானே இருக்குன்னு, நீராவிக் குழாய், தண்ணிக் குழாய், மின் கேபிள், எல்லாத்தையும் அதுக்குள்ள விட்டாங்க. குழாய் சூடா இருக்குமில்லையா? அதைச் சுத்திக் கல்நார் உறை. இப்படியே பல பத்தாண்டு ஒண்ணு மேல ஒண்ணா ஏறிக்கிட்டே போச்சு. இப்போ அந்த அரண்மனையில கல்நார் இருக்கிற இடங்கள் 2,500-க்கும் மேல.

இங்கே ஒரு முரண் இருக்கு. கட்டடத்துக்குள்ள கீழிருந்து மேல்வரை திறந்த ஷாஃப்ட் இருந்தா, தீ பிடிச்சா அது புகைபோக்கி மாதிரி வேலை செய்யும். அதனால அதைத் தளத்துக்குத் தளம் அடைக்கணும். தீப்பாதுகாப்பு ஆட்கள் 24 மணி நேரமும் ரோந்து போற கட்டடம் அது. ஆனா அடைக்கணும்னா ஷாஃப்டுக்குள்ள போகணும். உள்ளே கல்நார். வெப்பமும் தீயும் பரவாம இருக்கணும்னு போட்ட பொருள், இன்னிக்குத் தீத்தடுப்பு வேலைக்கே குறுக்கே நிக்குது.

எல்லாத்தையும் எடுத்துடலாமே? 2023-ல பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தோட பொதுக் கணக்குக் குழு சொன்ன மதிப்பீடு: கட்டடத்தைக் காலி பண்ணிட்டு 300 பேர் வேலை செஞ்சாலும் ரெண்டரை வருஷம் ஆகலாம். உறுப்பினர்கள் வெளியேறணும்னு 2018-லேயே ஓட்டுப் போட்டாங்க. அப்புறம் செலவு, எங்கே போறது, எவ்வளவு காலம்னு விவாதம் இழுத்துக்கிட்டே போச்சு. இதுக்கு நடுவுல ஒவ்வொரு ஒழுகலுக்கும், ஒவ்வொரு ஃபியூஸுக்கும் யாரோ ஒரு தொழிலாளி அந்தச் சுவருக்குள்ள கை விடணும். முடிவைத் தள்ளிப்போடுறவங்களும் கையை விடுறவங்களும் வேற வேற ஆட்கள்.

வேற வழியும் இருக்கு. பிரஸ்ஸல்ஸ்ல ஐரோப்பிய ஆணையத்தோட தலைமையகம் பெர்லேமான் கட்டடம். 1960-கள்ல கட்டினது, எஃகுச் சட்டம், அது மேல கல்நார். 1991-ல அத்தனை பேரையும் வெளியே அனுப்பிட்டு, கல்நாரை எடுத்து, கட்டடத்தையே புதுப்பிச்சாங்க. திரும்ப உள்ளே வந்தது 2004-ல. 13 வருஷம். செலவும் நேரமும் கொடுமைதான், ஆனா இப்போ அங்கே சீலிங்கைத் திறக்கிற எலெக்ட்ரீஷியன் பயப்பட வேண்டியதில்ல.

நம்ம ஊர்ல வருஷம் பார்த்துச் சொல்ல முடியாது

பிரிட்டன் நீலத்தையும் பழுப்பையும் 1985-லயும், வெள்ளையை 1999-லயும் தடை பண்ணுச்சு. அதனால அங்கே ஒரு எளிய விதி உண்டு: 2000-க்கு முன்னாடி கட்டினதுன்னா கல்நார் இருக்கலாம்னு எடுத்துக்கிட்டு வேலையை ஆரம்பி. அப்படிப்பட்ட கட்டடத்தைப் பராமரிக்கிறவர், எங்கே என்ன இருக்குன்னு பதிவேடு வெச்சு, வேலைக்கு வர்றவர்கிட்ட காட்டணும். அது சட்டம். சிங்கப்பூர்லயும் இதே மாதிரி 1991-ங்கிற வருஷத்தை எல்லையா வெச்சிருக்காங்க.

இந்தியாவில அப்படி ஒரு எல்லை வருஷம் கிடையாது. 50-க்கும் மேற்பட்ட நாடுகள் கல்நாரைத் தடை பண்ணிட்டாங்க. இங்கே வெள்ளைக் கல்நார் இன்னும் சட்டப்படி இறக்குமதியாகுது. உலகத்துலயே அதிகமா இறக்குமதி பண்ற நாடு நாமதான். முழுத் தடை கேட்டுப் போன மனுவை உச்ச நீதிமன்றம் 2011-ல தள்ளுபடி பண்ணிடுச்சு. அதனால "இது புதுக் கட்டடம்தானே"ன்னு ஆறுதல் பட முடியாது. கட்டடத்தோட வயசு ஒரு துப்புதான், சான்று கிடையாது.

ஆனா இதே உச்ச நீதிமன்றம் 1995-ல கொடுத்த ஒரு தீர்ப்பை நாம மறக்கக் கூடாது. கன்ஸ்யூமர் எஜுகேஷன் அண்ட் ரிசர்ச் சென்டர் தொடுத்த வழக்கு அது. தொழிலாளியோட உடல்நலம் வாழ்வுரிமையில அடங்கும்னு சொன்ன நீதிமன்றம், கல்நார்த் தொழில்ல இருக்கிற ஒவ்வொருத்தரோட மருத்துவப் பதிவையும் வேலையில சேர்ந்ததுல இருந்து 40 வருஷம், இல்லேன்னா வேலையை விட்டு 15 வருஷம், எது பின்னாடி முடியுதோ அதுவரைக்கும் வெச்சிருக்கணும்னு உத்தரவு போட்டுச்சு. அந்த 40 வருஷக் கணக்கைப் பாருங்க. நோய் எவ்வளவு மெதுவா வரும்னு புரிஞ்சு போட்ட எண் அது. ஆனா தினக்கூலிக்குச் சீலிங் பிரிக்க வர்றவருக்கு அந்தப் பதிவேட்டை யார் வெச்சிருக்கா?

அப்போ நாம என்ன பண்ணலாம்?

நீங்க வாடகைக்கு எடுத்த பழைய கட்டடத்துல கஃபே போடலாம், ஸ்டூடியோ போடலாம், ஸ்டார்ட்அப் ஆபீஸ் போடலாம். சீலிங்கைத் திறக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேளுங்க. இது எப்போ கட்டினது, ஏசி டக்ட் எப்போ போட்டது? மேலே இருக்கிற இன்சுலேஷனை யாராவது பரிசோதிச்சிருக்காங்களா?

கண்ணால பார்த்து யாராலும் உறுதியா சொல்ல முடியாது. கிளாஸ் வுல்லும் பஞ்சு மாதிரிதான் இருக்கும். சின்ன மாதிரி ஒண்ணை ஆய்வகத்துல மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே வெச்சுப் பார்த்தாத்தான் தெரியும். அந்த மாதிரியை நீங்களே பிய்ச்சு எடுக்காதீங்க, தெரிஞ்சவங்களை விட்டு எடுக்கச் சொல்லுங்க.

சந்தேகமா ஏதாவது உதிர்ந்து கிடந்தா ஏஎச்யூவை நிறுத்தச் சொல்லுங்க. கதவைச் சாத்திட்டு வெளியே வாங்க. துடைப்பத்தால பெருக்க வேண்டாம். சாதாரண வேக்யூம் கிளீனர் போட வேண்டாம், அது நாரைப் பின்பக்கமா ஊதி விட்டுடும். ஏசி சர்வீஸ்ல அழுக்கு எடுக்கிற புளோயர் கூடவே கூடாது. துணி மாஸ்க்கும் சர்ஜிக்கல் மாஸ்க்கும் இதுக்குப் போதாது.

கிழியாம, உதிராம இருந்தா உடனே பிரிச்சு எடுக்கணும்னு அவசியமில்ல. மூடி, சீல் பண்ணி, "இங்கே கல்நார் இருக்கு"ன்னு எழுதி ஒட்டி, அப்பப்போ பார்த்துக்கிட்டாலே பாதுகாப்புதான். அவசரப்பட்டு அரைகுறையா பிரிக்கிறதுதான் இதைவிட ஆபத்து. எடுத்தே ஆகணும்னா அது பயிற்சி பெற்றவங்க வேலை. அந்த இடத்தைப் பிளாஸ்டிக் ஷீட்டால முழுசா அடைச்சு, உள்ளே இருக்கிற காற்று வெளியே கசியாதபடி ஹெப்பா ஃபில்டர் வழியா இழுத்து, பொருளை நனைச்சு எடுத்து, பையில சீல் பண்ணி, கடைசியா காற்றைப் பரிசோதிச்ச அப்புறம்தான் அடைப்பைப் பிரிப்பாங்க.

வீட்டுலயும் ஒண்ணு. மொட்டை மாடியில ஏசி அவுட்டோர் வைக்கும்போது, குழாய் போக சிமென்ட் ஷீட்டுல துளை போடச் சொல்றோம் பாருங்க, அதை விட்டுடுங்க. சுவர் வழியா வேற பாதை பார்க்கச் சொல்லுங்க.

"நான் ஏற்கனவே அந்த மாதிரி இடத்துல ஒரு நாள் இருந்திருக்கேன்"னு சிலருக்கு இப்போ படபடப்பா இருக்கும். ஒரு தடவை பட்டா நோய் வரும்னு அர்த்தமில்ல. எவ்வளவு, எத்தனை நாள் சுவாசிச்சோம்ங்கிறதைப் பொறுத்துதான் ஆபத்து கூடும். அடுத்த நாளே எக்ஸ்ரே எடுத்தாலும் ஒண்ணும் தெரியாது. டாக்டர்கிட்ட சொல்லி, எங்கே எப்போன்னு பதிவு பண்ணி வையுங்க. சிகரெட் பிடிக்கிறவங்க நிறுத்திடுங்க. கல்நாரும் சிகரெட்டும் சேர்ந்தா நுரையீரல் புற்றுநோய்க்கான ஆபத்து பல மடங்கு ஆகும்.

கடைசியா ஒண்ணு. உங்க ஆபீஸுக்கு ஏசி பார்க்க வர்ற அண்ணன் கேட்காம இருக்கலாம். கேட்டா வேலை போயிடுமோன்னு யோசிக்கலாம். அவருக்குப் பதிலா நீங்க கேளுங்க. "அண்ணே, மேல என்ன இன்சுலேஷன்னு ஓனர்கிட்ட கேட்டுட்டு அப்புறம் திறக்கலாம், கொஞ்சம் இருங்க." இந்த ஒரு வாக்கியத்துக்கு அரை நாள் வேலை தள்ளிப்போகலாம். அவர் வாழ்க்கையில கடைசி இருபது வருஷம் மூச்சுத் திணறாம போகறதுக்கு அந்த அரை நாள் பெரிய விலை இல்ல.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.